டெரலும் ஞாயிற்றுக்கிழமைத் தோய்ச்சலும்

நேற்று வாஷிங் மெஷினைத் திறந்தேன். முந்தாநாள் போட்டுவிட்டு மறந்துபோன உடுப்புகளின் புளித்த வாசம் மூக்கில் அடித்தது. வேறு யாரென்றாலும் திரும்பத் தோய்த்திருப்பார்கள். எனக்கு டெரலின் ஞாபகம் வந்தது.

டெரல் அமெரிக்காவில் சம்பளத்துக்கு அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவன். தடுப்பாட்டக்காரன். பந்தோடு வருபவனைப் பிடித்து விழுத்துவதுதான் உத்தியோகம். முழங்கால் பழுதாகிப் பெரிய அணி கைவிட்டபோது, சுவிஸின் டீட்டிகோன் ஊரில் நான் ஆடிய சின்னக் கழகம் அவனைக் கூப்பிட்டது. (நானும் தடுப்பாட்டக்காரன்தான். தடுத்ததைவிட விழுந்தது கூட.) எங்கள் மேல்மாடியில் குடிவந்தான். கதவுக்குள் பக்கவாட்டாகத்தான் நுழைவான்.

"ஆக்களை விழுத்திறதுக்குச் சம்பளமோ?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"ஓம் அம்மா."

"பின்னை நீ ஏன் சும்மா விழுறாய்?"

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். டெரலுக்கும் வேலை போகும். அணியின் சட்டைகளைத் தோய்ப்பது அந்த வாரம் அவன் முறை. அவற்றை ஆட்டத்தன்று காலையில் நிலவறை மெஷினில் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை! சுவிஸில் அன்றைக்கு உடுப்புத் தோய்க்கக் கூடாது, அதைவிட ஆளையே விழுத்தலாம். கீழ்வீட்டு ஃப்ராவ் கெல்லர் சலவை அறையைப் பூட்டித் திறப்பைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மலை போன்றவன், தன் நெஞ்சளவுகூட வராத கிழவிக்கு முன்னால் தலைகுனிந்து நின்றான். அம்மாதான் இறங்கிப் போனார். அவரிடம் இருந்த ஜெர்மன் கொஞ்சம்.

"ஹொய்ட்ட க்ரீக்," என்றார். இன்றைக்கு யுத்தமாம். ஆட்டத்துக்கு அவருக்குத் தெரிந்த ஜெர்மன் அதுதான்.

ஃப்ராவ் கெல்லர் அம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு திறப்பை எடுத்தார். ஒரேயொரு நிபந்தனை, தானும் ஆட்டம் பார்க்க வருவார்.

ஈரச் சட்டைகளோடு ஆடினோம். முடிகிற நேரம், எங்களுக்கு ஒரு புள்ளிதான் முன்னிலை. பந்தை எறிய ஓங்கியவனை டெரல் பாய்ந்து கட்டிப்பிடித்து விழுத்தி, அவன்மேலேயே கிடந்தான். மைதானமே அடங்கியிருந்த அந்தக் கணத்தில் அம்மாவின் குரல் கேட்டது:

"எழும்பு தம்பி! அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுது!"

டெரலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் உடனே எழுந்து, விழுந்தவனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். வென்றுவிட்டோம். ஃப்ராவ் கெல்லர்தான் குடையை ஆட்டி ஆட்டி, "நொக்மால்!" என்று கத்திக்கொண்டிருந்தார், இன்னொருமுறை விழுத்தச் சொல்லி.

டெரல் இன்னும் ஒரு பருவம் ஆடினான். முழங்கால் ஒரேயடியாகக் கைவிட, ஊருக்குப் போனான். விமான நிலையத்தில் அம்மா கட்டிப்பிடித்தபோது கைகள் அவன் முதுகைச் சுற்றி எட்டவில்லை. ஃப்ராவ் கெல்லர் இப்போது உயிரோடு இல்லை. கழகம் கலைந்துவிட்டது. மைதானத்தில் பார்சல் கிடங்கு கட்டிவிட்டார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கைநீட்டிக் காட்டுவார்:

"இதிலைதான் அந்தப் பிள்ளை விழுந்தது."

அவர்களும் மரியாதைக்கு எட்டிப் பார்ப்பார்கள். கிடங்கின் சுவர் தெரியும்.