ராவ்னாவுக்கு ஒரு யொய்க்

ராவ்னா ஒரே தடவையில் வீட்டை விட்டுக் கிளம்பியதாக அந்தப் பனிமேட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பனி ஸ்கூட்டரின் கயிற்றை இழுத்து இழுத்து, அது இருமி இருமி உயிர் பிடித்ததும் சீறிக்கொண்டு போவாள். வேலித் திருப்பம்வரை போவாள். அங்கே ஃபிளாஸ்க்கின் ஞாபகம் வரும். யாரோ வேண்டுமென்றே ஒளித்து வைத்தது போலத் திட்டிக்கொண்டே திரும்பி வருவாள். வந்தது வந்தாயிற்று என்று ஒரு வாய் காபி குடிப்பாள். பிறகு மறுபடியும் கயிறு, இருமல், சீறல். அவள் கணவன் ஹெய்க்கா வாசலில் நின்று இத்தனையையும் பார்த்துக்கொண்டிருப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான். பொதுவாகவே அவன் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்கிற ஆள் இல்லை.

சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்து ராவ்னாவே சொல்லிவிடுவாள். அதிலும் யொய்க் கட்ட உட்கார்ந்தால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. யொய்க் என்பது ஓர் ஆளையோ மிருகத்தையோ பற்றி அந்தப் பனிமேட்டு ஜனங்கள் கட்டும் பாட்டு; அதில் வார்த்தை கொஞ்சம்தான். லோ-லோ, நா-நா என்று தொண்டையில் சுற்றுகிற ராகத்திலேயே ஆளைக் கொண்டுவந்து எதிரே நிறுத்திவிட வேண்டும். கடைக்காரன் கிளெமெத்திடம் தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டாலும் மூக்கைத் தேய்த்து ஒரு நீள ‘ம்ம்ம்’ போட்ட பிறகுதான் பதில் வரும். ராவ்னா அவனுக்குக் கட்டிய யொய்க் முக்கால்வாசி அந்த ‘ம்ம்ம்’தான். முதலில் ஒரு மாதம் அவளோடு பேசாமல் இருந்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் யாராவது அதை முனகினால் சட்டென்று திரும்பிப் பார்க்கிறான். அவள் அண்ணன் மகன் யோவ்னாவுக்குக் கதவைச் சாத்தும் பழக்கம் பிறவியிலேயே இல்லை. அவனுடைய யொய்க் முடியாமல் திறந்தே நிற்கும். கேட்பவர்களுக்குக் குளிரும். சறுக்குவண்டியில் பூட்டினால் படுத்துக்கொள்ளும் ஒரு கிழட்டுப் பனிமானுக்குக்கூட அவள் கட்டியிருக்கிறாள்.

அவளுக்குத்தான் ஒன்றும் இல்லை.

தனக்குத் தானே கட்டிக்கொள்ள முடியாது. பிறர் கட்டித் தர வேண்டும். தந்த பிறகு அது கட்டியவருடையதும் இல்லை; யாருக்குக் கட்டியதோ அவருடைய சொத்து. தன் பெருமையைத் தானே யொய்க் பாடிக்கொள்வதென்றால், மந்தையில் தனக்கு எத்தனை மான் என்று ஊரைக் கூட்டிச் சொல்வதைவிடப் பெரிய வெட்கக்கேடு. அப்படிச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக்கூடப் பெண் கிடைப்பது கஷ்டம்.

இது அவளை அரித்துக்கொண்டிருந்தது என்றாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டும்படி செய்தவள் நாத்தனார் பிக்கா. கிளெமெத்தின் கடையில் அடுப்போரமாக எல்லாரும் காபி குடிக்கும் மேஜையில் வைத்துத்தான் அது நடந்தது.

“எனக்கு மூணாவது யொய்க் வந்திருக்கு அண்ணி. என் மருமகன் கட்டினான்” என்றாள் பிக்கா, காபிக்குள் பாலாடைக்கட்டியை முக்கியபடி.

“ஒரு ஆளுக்கு மூணு எதுக்கு? நீ என்ன மூணு பேரா?”

“நான் என்ன செய்ய? ஜனங்களுக்கு என் மேல பிரியம். உங்களுக்கும் ஒண்ணே ஒண்ணு இருந்தா நல்லாயிருக்கும். எங்க அண்ணன் மந்தையோட தனியாக் கெடக்கான். உங்களை நெனச்சுக்கணும்னா என்னதான் பண்ணுவான், பாவம்!”

“அவன் என்னை நெனைக்க வேண்டாம். நேர்ல பாத்தே நடுங்குறான்” என்றாள் ராவ்னா.

கடையே சிரித்தது. ராவ்னாவும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து மாவு பிசையும்போது அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மேட்டில் தனியாக இருப்பவர்கள் தங்கள் ஆட்களை யொய்க் பாடித்தான் பக்கத்தில் அழைத்துக்கொள்வார்கள். இறந்துபோன தன் தங்கையை ராவ்னா அப்படித்தான் மாதத்துக்கு இரண்டு தடவையாவது சமையலறைக்குக் கூப்பிட்டு உட்காரவைக்கிறாள். தன்னை அப்படிக் கூப்பிட யாரிடமும் எதுவும் இல்லை. தான் போன பிறகு தன் இடத்தில் வெறும் அமைதிதான் இருக்கும். அந்த அமைதியை எல்லாரும் ரசிக்கவும் செய்வார்கள். அதை நினைத்ததும் அழுகை வந்தது. அழுகை வந்ததால் கோபம் வந்தது. கோபத்தில் ரொட்டி கருகியது.

ஹெய்க்காவைக் கேட்கலாமா என்றால், ராகம் அவன் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. சர்ச்சில்கூட அவன் வாயை மட்டும் அசைப்பான். “எனக்கு வராது” என்று கல்யாணத்தன்றே சொல்லிவிட்டான். அன்று அவன் பேசியதும் அவ்வளவுதான்.

எனவே அவள் யோவ்னாவை விருந்துக்குக் கூப்பிட்டாள். ஈஸ்டர் யொய்க் போட்டியில் அவன் இரண்டு வருஷமாகப் பரிசு வாங்குகிறவன்.

“சாப்பிடு. நல்லியை உடைச்சு உறிஞ்சு.”

“என்ன அத்தை விசேஷம்? நாக்கு வேற வறுத்திருக்கீங்க?”

“விசேஷம் இருந்தாத்தான் போடணுமா? ஏண்டா, அந்த வருஷம் ஆத்துல பனி உடைஞ்சப்ப நான் ஒத்தையாளா மந்தையை அக்கரை சேத்தேனே, தெரியுமா உனக்கு?”

“மாமாவும் இருந்தாருன்னு சொன்னாங்க.”

“இருந்தாரு. நனைஞ்சு போய் இருந்தாரு.” ராவ்னா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, மோவாயைக் கொஞ்சம் தூக்கி உட்கார்ந்தாள். “இப்படிப் பாத்தா நான் எப்படி இருக்கேன்?”

“அத்தை மாதிரிதான் இருக்கீங்க.”

“மனசுல ஏதாவது ராகம் ஓடுதா?”

யோவ்னா மெல்லுவதை நிறுத்தினான். நல்லி எலும்பின் காரணம் அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. “அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. கிளெமெத் ஒரு தடவை உங்களுக்கு ஆரம்பிச்சாரு இல்ல? ரெண்டாவது மூச்சுலயே நிறுத்தி, ராகம் தப்பு, மூச்சு தப்பு, ஆளே தப்புன்னு சொல்லிட்டீங்க. அந்த மனுஷன் அதுக்கப்புறம் எதுவுமே கட்டல.”

“தப்பா இருந்துச்சு. சொன்னேன்.”

“அதேதான் அத்தை” என்று சொல்லிவிட்டு, இன்னொரு நல்லி எலும்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். கதவு திறந்தே கிடந்தது.

அதற்குப் பிறகுதான் ராவ்னாவுக்குப் புத்தி பிசகியது. தனக்கான யொய்க்கைத் தானே கட்டினாள். கட்டியவன் கடற்கரைப் பக்கத்து மீனவன் ஒருவன் என்று சொல்லிவிடுவதாகத் திட்டம். இளமையில் அவள்மேல் உயிரையே வைத்திருந்தவன், பாவம், போய்ச் சேர்ந்துவிட்டான். அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்பதால் சாட்சிக்கு ஆள் வந்து நிற்கும் பயமும் இல்லை. யொய்க் அருமையாக வந்திருந்தது. அடிவயிற்றில் தொடங்கி, மேலே மேலே ஏறி, உச்சியில் அசையாமல் நின்றது. கொட்டகையில் விறகு அடுக்கும்போது பாடிப் பார்த்து அவளே கண் கலங்கினாள்.

ஈஸ்டர் அன்று அவளுக்கு அறுபது வயது நிறைந்தது. சமையலறை நிறைய ஆட்கள். நீலச் சட்டைகளின் சிவப்பு நாடாக்கள், வெள்ளிப் பதக்கங்கள், அடுப்பில் மான்கறி. பிக்கா மூன்று யொய்க்குக்கு மூன்று பதக்கம் குத்திக்கொண்டு வந்திருந்தாள். காபி ஊற்றி முடித்ததும் ராவ்னா தொண்டையைக் கனைத்தாள்.

“பழைய யொய்க் ஒண்ணு ஞாபகம் வருது. யாரு இதுன்னு சொல்லுங்க பாப்போம்” என்று பாடத் தொடங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, உச்சிவரை போய், அங்கே நின்றாள்.

கண்ணைத் திறந்தபோது எல்லாரும் மரியாதையாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

“ம்ம்ம்…” என்றான் கிளெமெத், மூக்கைத் தேய்த்தபடி. “கழுகா?”

“உசரமா நிக்குதே. மேட்டுல புதுசா நட்டிருக்கானுங்களே, அந்தக் காத்தாடிக் கம்பமா?” என்றான் யோவ்னா.

ஹெய்க்காவின் நாய் முஸ்தி, அவள் காலடியிலேயே படுத்திருந்தது. அது தூக்கத்திலிருந்து காதைக்கூட உயர்த்தவில்லை. அந்த இடத்தில்தான் மீனவனைக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஆனால் மீனவன் வாய்வரை வந்து, வெளியே வராமல் திரும்பிப் போனான்.

“அது… கடற்கரைப் பக்கம் ஒரு மலை” என்றாள்.

“நல்ல மலைதான்” என்றாள் பிக்கா, காபியை ஊதிக்கொண்டே. “ஆனா கொஞ்சம் தற்பெருமை புடிச்ச மலையா இருக்கே அண்ணி.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எல்லாரும் ஒரே சமயத்தில் மான்கறியைப் பாராட்டத் தொடங்கினார்கள். ஹெய்க்கா எழுந்து வந்து அவள் கோப்பையில் காபி ஊற்றினான். அது ஏற்கெனவே நிறைந்திருந்தது.

ஈஸ்டர் முடிந்ததும் சினை மான்கள் கடற்கரையை நோக்கி முகத்தைத் திருப்பிவிட்டன. அவை கிளம்பினால் யார் வீட்டு மானத்துக்காகவும் நிற்காது. ஹெய்க்காவும் முஸ்தியும் மந்தையோடு போனார்கள். ராவ்னா வீட்டிலேயே அடைந்து கிடந்தாள். கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆனால் ஹெய்க்காவின் மேய்ச்சல் கூடாரத்தில் காபித்தூள் தீர்ந்துபோகும் கணக்கு அவளுக்கு அத்துப்படி. காபி இல்லாத மனுஷன் எந்த மானை மேய்ப்பான்? ஒருநாள் காலை, பனியின் மேல்தோல் இறுகிக் கிடக்கும்போதே, சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வேலித் திருப்பம்வரை போய், காபித்தூளையே வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து திரும்பினாள். திட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லாததால் அடுப்பைத் திட்டினாள்.

ஏரியின் கடைசியில் ஸ்கூட்டர் இருமி, இருமியபடியே செத்தது. ராவ்னா அதைத் தன் பாணியில் திட்டியே அடக்கம் செய்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டையில் மிச்ச தூரம் போனாள். குட்டைப் பூர்ச்ச மரங்கள் இடுப்பளவு பனியில் நின்றன. தூரத்தில் மந்தை, பனியைக் கால்களால் தோண்டிக்கொண்டிருந்தது. காற்று அவள் முகத்தில் அடித்தது. அதனால் அவள் வருகிற வாசமோ சத்தமோ கூடாரத்துக்கு எட்டவில்லை. அங்கிருந்துதான் அவளுக்கு ஒரு சத்தம் வந்தது.

யாரோ யொய்க் பாடினார்கள். ராவ்னா கூடாரத்தருகே போய் அப்படியே நின்றாள். உள்ளே இருந்தது ஹெய்க்காவின் தொண்டை. வராது என்று சொன்ன தொண்டை, ஒரு பிசிறும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது.

யொய்க் சட்டென்று தொடங்கவில்லை. முதலில் மூன்று நாலு இருமல். பிறகு ஒரே பாய்ச்சல். பாய்ந்த வேகத்தில் டக்கென்று ஒரு நிறுத்தம். அப்புறம் படபடவென்று பொரிந்துகொண்டே வந்த வழியில் திரும்புகிறது. நடுவில் ஒரு வாய் எதையோ உறிஞ்சுகிறது. மறுபடியும் முதலிலிருந்து இருமல். ராவ்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எந்தக் காரியத்தையும் உருப்படியாகத் தொடங்கத் தெரியாத, எதையாவது மறந்து தொலைத்துவிட்டு ஊரைக் குறை சொல்கிற ஒரு பொம்பிளை அச்சு அசலாகக் கண்முன் நின்றாள்.

பிக்காதான்! வேறு யாராக இருக்க முடியும்? கூடப் பிறந்த தங்கையை என்னமாய்ப் பிடித்திருக்கிறான்! மூணு யொய்க்கு என்று பீற்றிக்கொண்டாளே, இந்த நாலாவதைக் கேட்டால் பதக்கத்தையெல்லாம் கழற்றி வைத்துவிடுவாள். ராவ்னாவுக்குக் கணவன்மேல் அன்பு பெருகியது.

அப்போது உள்ளே முஸ்தி முனகியது. கூடாரத் துணி அசைந்தது.

“படு முஸ்தி” என்று ஹெய்க்காவின் குரல் கேட்டது. “அவ வரல. நான் சும்மா பாடினேன். ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடுறியே, எத்தன வருஷமாச்சு, உனக்கு அறிவே வராதா?”

துணியை முட்டிக்கொண்டு முஸ்தியின் மூக்கு வந்தது, பிறகு தலை வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு பாதையைப் பார்த்தது. பாதையில் ராவ்னா நின்றிருந்தாள். நாய் இந்தத் தடவை ஏமாறவில்லை.

அவள் உள்ளே போனபோது ஹெய்க்காவின் முகம் அடுப்புத் தணலை விடச் சிவந்திருந்தது.

“எப்பலேர்ந்து?” என்றாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து.”

“வராதுன்னு சொன்னியே!”

“ஆள் முன்னாடி வராது.”

“அறுவது வயசு வரைக்கும் என்னைக் காய விட்டியே, படுபாவி! ஏன் சொல்லல?”

ஹெய்க்கா தணலைக் கிளறினான். “நீ திருத்துவியே” என்றான்.

திருத்தத்தான் ராவ்னா வாயைத் திறந்தாள். நடுவில் அந்தப் பொரிதல் ரொம்ப அதிகம். அந்த உறிஞ்சலும் தேவையில்லை. முக்கியமாக, அவள் ஒன்றும் எப்போதும் எதையாவது மறந்துவிட்டுத் திரும்புகிறவள் இல்லை.

“காபித்தூள் கொண்டாந்தியா?” என்று கேட்டான் ஹெய்க்கா.

அவள் பையை அவிழ்த்தாள். ரொட்டி இருந்தது, வெண்ணெய் இருந்தது, அவனுக்குப் புதிய காலுறை இருந்தது. காபித்தூள் ஏரியின் கடைசியில், செத்த ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில் பத்திரமாக இருந்தது.

ராவ்னா திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அதை அவள் துடைக்கவில்லை. இத்தனை வருஷமாக, ஒவ்வொரு வசந்தத்திலும், இந்த மேட்டில் அவள் இல்லாமல் இவன் ஒருநாள்கூட இருந்ததில்லை.

“இன்னொரு தடவை பாடு” என்றாள்.

“உன் முன்னாடி வராது. நீ வெளிய போ.”

ராவ்னா யார் சொன்னதையும் கேட்டு எங்கேயும் போனவள் இல்லை. எழுந்து, துணியை விலக்கிக்கொண்டு, வெளியே போய்ப் பனியில் நின்றாள். பிறகு உள்ளே அந்த மூன்று நாலு இருமல் தொடங்கியது. அதைக் கேட்டதும், இப்போதுதான் அவளைப் பார்த்திருந்த முஸ்தி, மறுபடியும் வாசலுக்கு ஓடி வந்து அவளைத் தேடியது.