ஒரே சுவிட்சில் அப்பா

சுற்றி வளைக்கிற எதுவும் எனக்கு ஆகாது. இரண்டு சாவி கேட்கிற பூட்டைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அப்படிப்பட்டவளுக்கு, மைக்செட் தொழில் செய்த அப்பா வாய்த்தார். நல்லம்பள்ளிப் பக்கம் கோவில் திருவிழாவோ கல்யாணமோ, அவர் செட்டுதான் போகும். வாடகைக்குப் போய்த் தேய்ந்த சாமான்களையெல்லாம் கூடத்தில் அடுக்கி, வீட்டுக்கென்று ஒரு ஸ்டீரியோ செட் ஆக்கியிருந்தார். ஸ்டெபிலைசர், கேசட் டெக், ஈக்வலைசர், ஆம்பிளிபயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. போடுவதற்கு ஒரு வரிசை, அணைப்பதற்கு அதற்கு நேர் தலைகீழ். மாற்றிப் போட்டால் ஸ்பீக்கர் டொப்பென்று அதிரும். அப்பா எந்த மூலையில் இருந்தாலும் கத்துவார்.

பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் செபமாலை. ஒவ்வொரு மாதா மன்றாட்டிலும் ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர் பின்பாதி சொல்லி முடிக்க வேண்டும். இப்படி ஐம்பத்து மூன்று தடவை. முன்பாதி அப்பாவுடையது, பின்பாதி அம்மாவுடையது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் இதிலிருந்து நழுவிக்கொண்டேன். அப்பா செட்டு போட வெளியூர் போகும் நாட்களில் அம்மா தனியாகச் சொல்ல வேண்டாமே என்று, தன் பாதியை மட்டும் ஒரு கேசட்டில் பேசி வைத்தார். ஒவ்வொரு தடவையும் அம்மா பதில் சொல்ல இடம் விட்டிருந்தார்.

போன வருஷம் அவர் போய்விட்டார். எப்போதாவது ஓடிய கேசட் தினமும் ஓடத் தொடங்கியது. அம்மாவுக்கு அந்த சுவிட்ச் வரிசை பிடிபடவே இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. "டேப்பு கீச்சு கீச்சுங்குது பாப்பா. அது அறுந்துட்டா அவரு சுத்தமாப் போயிடுவாரு" என்று போனில் அழுதாள்.

ஓசூரிலிருந்து லேப்டாப்போடு வந்து இறங்கினேன். அரை நாளில் வேலையை முடித்தேன். கேசட்டை லேப்டாப்பில் ஏற்றினேன். ஒலி இல்லாத இடங்களைத் தானாக நீக்கிவிடும் வசதி ஒன்று அதில் இருந்தது. எதற்கு வெட்டியாக என்று அதையும் தட்டிவிட்டேன். பென்டிரைவில் போட்டு, சின்ன ஆம்பிளிபயர் ஒன்றில் செருகி, அப்பாவின் ஸ்பீக்கர்களோடு இணைத்தேன். சுவரில் ஒரே சுவிட்ச். தட்டினால் அப்பா பேசுவார். கேசட்டைப் பின்னுக்கு ஓட்டும்போது டேப் அறுந்தது. அம்மாவிடம் மூச்சுவிடாமல், டெக்கோடு சேர்த்து மூட்டை கட்டிப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு மத்தியான பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து எதிர்வீட்டு அத்தை போனில் கூப்பிட்டார். உன் அம்மா சாயங்காலமானால் அந்தப் பெட்டி முன்னால் நின்று மூச்சு வாங்குகிறாள், பார்க்கவே பயமாக இருக்கிறது, உடனே வா என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அம்மா சுவிட்சைப் போட்டாள். அப்பா முன்பாதியைச் சொன்னார். அம்மா வாய் திறந்தாள். அதற்குள் அப்பா அடுத்ததைத் தொடங்கிவிட்டார். அதற்கும் அடுத்தது. நிற்கவே இல்லை. யாரோ பின்னால் துரத்துகிற மாதிரி என் அப்பா ஓடிக்கொண்டே இருந்தார், நிதானமான அதே குரலில். அம்மா செபமாலையைப் பிடித்தபடி பாதிப் பாதியாக விழுங்கிக்கொண்டு கூடவே ஓடினாள். நான் வெட்டியெறிந்தது அம்மாவின் இடத்தை.

பாய்ந்துபோய் அணைத்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினாள்.

"என்னைய எதிர்பாக்கவே மாட்டேங்குறாரு பாப்பா. சீக்கிரம் வந்து சேருங்குறாரு போல" என்றாள். அழவில்லை. நாளைக்குச் சந்தைக்குப் போகணும் என்பது போலச் சொன்னாள்.

நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டேன், கேசட் உட்பட. திட்டியிருந்தால் தேவலை. அவள் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

மறுநாள் காலையிலிருந்து அதே வேலை. அப்பாவின் குரலைத் துண்டு துண்டாக நிறுத்திப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அம்மா பதில் சொல்ல, அதை என் போனில் பிடித்தேன். அளவு சரியாக வர வேண்டுமே என்று அவள் குரலையும் இடையிடையே பொருத்தி, ஐம்பத்து மூன்றையும் கோத்தேன். கடைசியில் அம்மாவின் குரலை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும். அவசரக் குடுக்கை, அதை மறந்து அப்படியே பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். செருகிவிட்டுத் தட்டிப் பார்த்தால் கரண்ட் இல்லை. வரட்டும் என்று சுவிட்சைப் போட்டபடியே விட்டு, பால் வாங்கப் போனேன்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே கேட்டது. அப்பா சொல்கிறார். அம்மா பதில் சொல்கிறாள். அப்பா காத்திருந்து அடுத்ததைத் தொடங்குகிறார். கண் நிறைந்துவிட்டது எனக்கு. அப்பாடா என்று உள்ளே நுழைந்தேன்.

கூடத்தில் யாரும் இல்லை. விளக்கு எரிகிறது, நாற்காலி காலியாக இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று செபம் சொல்லிக்கொண்டிருந்தன.

"அம்மா!"

பின்கட்டு வாசலில் மாட்டுக்கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் இங்கதான நிக்கறேன்? உள்ளாற யாரு பதில் சொல்றது?"

கரண்ட் வந்ததும் அது தானாகவே தொடங்கியிருக்கிறது என்று விளக்கினேன். அவள் குரலை எடுக்க மறந்ததையும் சொன்னேன். அம்மா மாட்டைக் கட்டிவிட்டு உள்ளே வந்தாள். தன் குரலையே தலை சாய்த்துக் கேட்டாள். எனக்கு ஒரு யோசனை ஓடியது. அதை அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொல்ல முடிந்தது. இந்தப் பதிவும் ஒரு ஓரமாக இருக்கட்டுமே அம்மா, பின்னால் எனக்கு வேணும் என்றேன்.

"வேண்டாம், அழிச்சுடு" என்றாள். "அவரு பக்கம் அவரு சொல்லிட்டாரு. என் பக்கத்தையும் பொட்டிக்குள்ள போட்டுட்டீன்னா, நாளைக்கு நீ எங்க பதில் சொல்லுவ?"

இடத்தை விட்டுவிட்டு, அவள் குரலை மட்டும் அவள் கண்முன்னாலேயே அழித்தேன்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை தவறாமல் ஊருக்கு வந்துவிடுகிறேன். சுவிட்சைத் தட்டுவது அம்மா. பழைய கேசட்டில் அந்த இடைவெளிகளில் அவர் மூச்சு கேக்கும், இதில் ஒண்ணுமில்லை என்று முதல் நாளே சொன்னாள். அப்புறம் சொல்லவில்லை. சில நாள் அம்மா தன் வாயை மூடிக்கொண்டு என்னைச் சொல்ல விடுகிறாள். நான் வழக்கம்போல அவசரமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். அம்மாவின் அளவுக்கு வைத்த இடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நிதானமாச் சொல்லு என்று அம்மா என் கையைத் தட்டுகிறாள். அப்பா அடுத்ததைத் தொடங்கும்வரை இரண்டு பேரும் பேசாமல் காத்திருக்கிறோம்.