பந்தின் மேல் போட்ட கிப்ஸ்

அன்று கிப்ஸ் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: எலும்பு டொக்டர், அவுஸ்திரேலிய உதைபந்து வீரர் ஒருவர், எனக்கு ஆங்கிலம் விளங்காததால் நான் கூப்பிட்ட துப்புரவுப் பகுதி சிவம் அண்ணை, நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எண்பதுகளின் நடுவில், பேர்ன் நகரை அடுத்த மலைப்பக்க ஆஸ்பத்திரி ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னை, எலும்பு முறிந்தவர்களுக்கு மாக்கட்டுப் போடப் பழக்கியிருந்தார்கள். அதைத்தான் கிப்ஸ் என்பார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் பிறகு, இறுக்கிவிட்டேனோ, விரல் நீலமாகிவிடுமோ என்று வீட்டில் சோறு இறங்காது.

வீரர் தங்கள் நாட்டில் ஆட்டம் இல்லாத மாதங்களில் பனிச்சறுக்கு விளையாட வந்தவர். விழுந்ததில் வலது நடுவிரல் மூட்டு நொறுங்கிவிட்டது. டொக்டர் சொன்னதைச் சிவம் அண்ணை எனக்குச் சொன்னார்: "விரல் இனி மடங்காதாம். ஒபரேசன் செய்து ஒரே நிலையில பொருத்தப்போறாராம். எந்த நிலை எண்டு முதல் கிப்ஸ் போட்டுப் பாக்கட்டாம். உதைபந்துக்காரனுக்கு விரல் என்னத்துக்கடா? காலைப் பாக்கச் சொல்லு."

வீரர் பையிலிருந்து முட்டை வடிவப் பந்தொன்றை எடுத்துக் காட்டினார். அவர்களுடைய ஆட்டத்தில், உதைத்து வரும் பந்தை எதிராளியின் தோளுக்கு மேலே எழும்பிக் கையால் பிடிக்க வேண்டுமாம். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

டொக்டர் சொன்னபடி, கரண்டியும் பேனாவும் பிடிக்கத் தோதாக விரலை வளைத்துக் கட்டினேன். மறுநாள் வீரர் பின்முற்றத்துப் பனியில் பந்தை எறிந்து எறிந்து தவறவிட்டார். வளைந்த விரலில் பட்டு அது தெறித்தது. உள்ளே வந்து பந்தை மேசையில் வைத்தார். அதன் மேல் கையை விரித்தார்.

"இப்பிடியே கட்டட்டாம்," என்றார் சிவம் அண்ணை.

டொக்டர் கூடாதென்று தலையை ஆட்டிச் சொன்னதையும் அண்ணைதான் சொன்னார்: "விளையாட்டு நாலைஞ்சு வருசம்தானாம். கை சாகும்வரைக்கும் வேணுமாம். நீட்டின விரலோட பொத்தான் பூட்டேலாதாம்."

வீரர் சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"மற்றக் கையால பூட்டுவானாம்."

எனக்கும் டொக்டர் சொன்னதுதான் சரியென்று பட்டது. "அண்ணை, வயசு போன காலத்தில என்னைத் திட்டுவாரோ எண்டு கேளுங்கோ."

"உன்ர பேரே அவனுக்குத் தெரியாது. என்னெண்டு திட்டுவான்?"

கட்டிப் பார்க்கும்படி டொக்டர் எனக்குச் சைகை காட்டினார். பழைய கட்டை வெட்டி எடுத்து, பந்தைப் பிளாஸ்ரிக் பையால் சுற்றி, அதன் மேல் வீரருடைய கையை விரித்து வைத்து விரலுக்குக் கட்டினேன். கிப்ஸ் இறுகும்போது சுடும். அப்படியும் அவருடைய கை அசையவில்லை.

இறுகியதும் எல்லோரும் முற்றத்துக்குப் போனோம். சிவம் அண்ணை எறிந்த பந்து பாதியில் விழுந்தது. "காலமை சாப்பிடேல்லையோ அண்ணை?" என்றேன். டொக்டரே அதை வாங்கி உயர எறிந்தார். வீரர் எழும்பித் தலைக்கு மேலே பிடித்தார். டொக்டர் இன்னும் பலமாக எறிந்தார். அதையும் பிடித்தார்.

"இதே நிலையிலதானாம் ஒபரேசன்," என்றார் சிவம் அண்ணை.

ஒபரேசன் முடிந்து காயம் ஆறியபின் வீரர் விடைபெற வந்தார். பந்தில் விரல் அப்படியே பொருந்தியது. மேற்சட்டைப் பொத்தான்தான் வழுக்கி வழுக்கிப் போனது. உதவப் போன சிவம் அண்ணையைத் தடுத்து, இடக்கையாலேயே கடைசிப் பொத்தான்வரை பூட்டிவிட்டுத்தான் போனார். பிறகு என்ன ஆனாரென்று தெரியாது.

நான் கற்றது இதுதான். எவருக்கும் கிப்ஸ் துணியைத் தண்ணீரில் நனைக்குமுன், அந்தக் கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினேன். அடுத்து வந்த பண்ணைக்கார அம்மா, பால் கறக்க வேண்டும் என்றார். நனைக்காமல் வைத்துவிட்டு டொக்டரைக் கூப்பிட்டேன்.