ஒரு சொட்டு ஈயம்

எனக்கு மறதி கிடையாது. இதை ஒரு நல்ல குணமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. "எதையும் மனசுல வச்சுக்காத" என்று புத்தி சொல்கிறவர்கள் எல்லாம் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டுத்தான் சொல்கிறார்கள் என்பது என் அனுபவம். ஒருவர் மேல் ஒன்பது வருடம் கோபத்தை வைத்திருந்தேன். அது ஆறவும் இல்லை, புளித்துப் போகவும் இல்லை.

அவர் பெரம்பலூர் பக்கம் நான் படித்த கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவர். இறுதியாண்டில் நான் கைக்குள் அடங்குகிற கேம் கன்சோல் ஒன்று செய்தேன். கடையில் விற்பதைப் பிரித்து மறுபடி பூட்டியதல்ல. காரைப் பின்னால் எடுக்கும்போது பார்க்கிற சின்னத் திரை, யாரோ தூக்கிப்போட்ட பவர் பேங்கின் பேட்டரி, உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு, பழைய டிவி ரிமோட்டின் ரப்பர் பட்டன்கள். எல்லாவற்றையும் சுவரில் பதிக்கிற பிளாஸ்டிக் சுவிட்ச் பெட்டிக்குள் அடக்கி, பெட்டியின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கைக்குப் பதமாக்கினேன். அதில் ஓடிய விளையாட்டும் நான் எழுதியதுதான். குண்டும் குழியுமான ரோட்டில் ஒரு சிமெண்ட் லாரியை மூட்டை விழாமல் ஓட்ட வேண்டும். சிமெண்ட் ஆலைகளுக்கு நடுவில் வளர்ந்த அரியலூர்க்காரிக்கு வேறு என்ன தோன்றும்.

வெளியிலிருந்து தேர்வாளர் வந்த அன்று காலையில் துறைத் தலைவர் என் கையிலிருந்து அந்தப் பெட்டியை வாங்கினார். "ரிப்போர்ட்ட நீ வச்சுக்கம்மா. டெமோவ இவன் காட்டட்டும். பொம்பளப் புள்ள கேம் மிஷின் செஞ்சுதுன்னா எக்ஸ்டர்னல் நம்ப மாட்டாரு" என்றார். 'இவன்' என்பது அடுத்த குழுவில் இருந்த பையன், கல்லூரி நிர்வாகத்துக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம். தேர்வாளர் லாரியை இரண்டு தடவை கவிழ்த்துவிட்டுச் சிரித்தபடி, "யாருப்பா செஞ்சது?" என்று கேட்டார். துறைத் தலைவர் அந்தப் பையனின் தோளில் கை வைத்தார்.

நான் இரண்டடி தள்ளி, ரிப்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் என் கோபத்தில் பாதி, அன்றைக்கு ஊமையாய் நின்ற என் மேல்தான். அதையும் சேர்த்து அவர் தலையில் போட்டுவிட்டேன். அவரை அடிக்க வேண்டும், அவர் வேலை போக வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசை இருந்ததில்லை. நாலு பேர் முன்னால், அதே வாயால், 'இதைச் செஞ்சது இந்தப் பொண்ணுதான்' என்று அவர் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்.

படிப்பு முடிந்து அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை போட்டேன். கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் நான் செய்த கன்சோல்களை வைத்தேன். கேட்பவர்களுக்கு அவரவர் கை அளவுக்குச் செய்து கொடுத்தேன். சிமெண்ட் ஆலையில் ஷிப்டு பார்க்கும் ஒருவர் கட்டைவிரல் அடிபட்டவர். அவருக்குப் பட்டன்கள் எல்லாவற்றையும் இடது பக்கமே வைத்து ஒன்று செய்தேன்.

அப்புறம் பின்பால் பைத்தியம் பிடித்தது. சாய்ந்த பலகையில் இரும்புக் குண்டு உருண்டு வரும். கீழே இருக்கிற இரண்டு மரக்கைகளால் அதைத் தட்டி மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தவறவிட்டால் குழியில் போய் விழும். அவ்வளவுதான் விளையாட்டு, ஆனால் அந்த இரண்டு கைகளுக்கு உயிர் கொடுப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். கைக்குப் பின்னால் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிய காயில் ஒன்று இருக்கும். பட்டனை அழுத்தினால் காயில் இரும்பை இழுக்கும், கை எம்பும். காயில் சுற்றுவதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் ஒரு மாதம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

அந்தக் கைக்குள் இருக்கும் சூட்சுமம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கை எம்புகிற நொடிக்கு மட்டும்தான் காயிலில் முழு கரண்டும் பாய வேண்டும். எம்பி முடித்ததும் ஒரு சின்ன சுவிட்ச் தானாக விலகி, கரண்டைக் குறைத்துவிடும். அப்புறம் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் ஆபத்தில்லை. அந்த சுவிட்ச் விலகாமல் போனால், தட்டித் தட்டி விளையாடுகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால் மட்டும் காயில் கருகிவிடும்.

போன வருடம் துறைத் தலைவர் என் கடைக்கு வந்தார். டிஸ்பிளே உடைந்த போனை நீட்டிவிட்டு அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ நம்ம ஸ்டூடண்ட்டுதானம்மா?"

"ஆமாங்க சார்."

"அப்பவே சொல்வேன், உன் கையில வேல இருக்குன்னு."

சொன்னதே இல்லை. ஓரமாக நின்ற பின்பால் மிஷினை இரண்டு நிமிடம் விளையாடினார். மூன்று குண்டையும் குழியில் விட்டார். துறைக்கு வெள்ளி விழா வருகிறதாம், கண்காட்சி வைக்கிறார்களாம். "பெருசா, பாக்க அம்சமா ஒண்ணு செஞ்சு குடும்மா. பொருள் செலவெல்லாம் காலேஜ் பாத்துக்கும்" என்றார். செய்தவர் யார் என்று போடுவீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் போடாமயா? உன் பேருதாம்மா மொதல்ல" என்றார்.

நான் ஒத்துக்கொண்டதைக் கேட்டு அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வெக்கமா இல்லயாடி உனக்கு? அன்னைக்கு வூட்டுக்கு வந்து நீ சோறு திங்காம கெடந்தது எனக்கு மறக்கல."

"இந்தத் தடவ சொல்லுவாரும்மா. நாலு பேரு முன்னாடி சொல்லுவாரு."

"அந்தாளு சொல்லிட்டா, நான் இங்கேருந்து விக்கிரமங்கலத்துக்கு நடந்தே போறேன்."

அந்த மிஷினை நான் நேர்மையாகத்தான் செய்தேன். இதை யாரும் நம்பப் போவதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கு அரும்பாவூரில் சாமி சிலை செதுக்குகிற ஒரு ஆசாரியிடம் போனேன். வரைபடத்தை விரித்துக் காட்டியதும், "இது எந்த சாமிக்குங்க?" என்று கேட்டார். சாமி இல்லை, விளையாட்டுப் பெட்டி, பலகை இவ்வளவு சாய வேண்டும் என்று விளக்கினேன். "தண்ணி வாட்டம் மாதிரிதானே, விடுங்க" என்றார். வாகை மரத்தில் இழைத்துக் கொடுத்தார், வாட்டம் இம்மி பிசகவில்லை. குண்டுகள் பாடாலூர் லாரி பட்டறையில் கிடைத்த பேரிங் குண்டுகள். பலகையில், ஒரு காலத்தில் எங்கள் ஊரை மூடியிருந்த கடலை வரைந்தேன். எங்கள் ஊர் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கிடைக்கிற கல்லாய்ப் போன சங்கும் நத்தையும்தான் புள்ளி தரும் இடங்கள். பெரிய நத்தையின் சுருளுக்குள் குண்டு போனால் சுற்றிச் சுற்றி இறங்கி வரும்போது லாரி ஹாரன் அடிக்கும். இடது கை மட்டும் சோம்பலாக இருந்தது. அதன் காயிலை மூன்று முறை அவிழ்த்துச் சுற்றினேன். மூன்றாவது தடவை அது குண்டை அடித்த அடியில் நான் கடைக்குள் தனியாகக் கத்தினேன். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் அதுதான் சிறந்தது.

கண்காட்சிக்கு முதல் நாள் மதியம் மிஷினை இறக்கிப் பொருத்தப் போனேன். அது நிற்க வேண்டிய இடத்தில் எனக்கு முன்பே ஒரு போர்டு நின்றது. 'உருவாக்கம்' என்று போட்டு அவர் பெயர், பட்டங்களோடு. அதற்குக் கீழே 'உதவி' என்று போட்டு ஆறு மாணவர்களின் பெயர்கள். அந்த ஆறு பேரையும் நான் பார்த்ததுகூட இல்லை.

"சார், என் பேரு?"

"அதும்மா, வெளியாள் செஞ்சதுன்னு தெரிஞ்சா கமிட்டில கேள்வி வரும். சுவனீர் மலர்ல எங்கயாவது போட்டுக்கலாம். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

வெளியாள். இரண்டாவது முறையும் என் கையிலிருந்து பிடுங்கியாகிவிட்டது, இந்த முறை சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். "சரிங்க சார். கடைசியா ஒரு செக்கிங் மட்டும் பண்ணிட்டுப் போயிடுறேன்" என்றேன். அவர் டீ குடிக்கப் போனார். பையிலிருந்து சால்டரிங் அயனை எடுத்தேன், பலகையைத் தூக்கினேன், இடது கையின் அந்தச் சின்ன சுவிட்சின் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். இனி அது விலகாது. அந்தக் கைக்குத் தனி பியூஸ் இருந்தது. காயில் கருகும், புகை வரும், அதற்குமேல் பியூஸ் போய் எல்லாம் அடங்கிவிடும். ஆளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, மானத்துக்கு ஆனால் போதும்.

யாராவது அழுத்திப் பிடிப்பார்களா என்று எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் பக்கத்து விழாக்களில் யாரும் எதையும் செய்வதில்லை, செய்வது மாதிரி நிற்பார்கள். ரிப்பனில் கத்தரிக்கோலை வைத்தபடி நிற்பார்கள். தாலி கட்டுகிற மாப்பிள்ளைகூட முடிச்சைப் பிடித்தபடி போட்டோகிராபர் சரி என்று சொல்லும்வரை நிற்பான். அந்த வழக்கத்தை நம்பித்தான் ஈயம் வைத்தேன்.

மறுநாள் நானும் போனேன். சுற்றிய காயில் ஒன்று உபரியாகப் பையில் இருந்தது. புகை வந்ததும் எல்லோரும் கையைப் பிசைவார்கள், நான் முன்னால் போய் ஈயத்தை எடுத்துவிட்டு, காயிலையும் பியூஸையும் ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுப்பேன், செய்தவள் யார் என்று தானாகவே விளங்கிவிடும். இதுதான் என் திட்டம்.

சிறப்பு விருந்தினர் வேட்டி கட்டிய ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி. ரிப்பன் வெட்டினார், மிஷின் முன்னால் நின்றார். துறைத் தலைவர் அவர் விரலைப் பிடித்து இடது பட்டனில் வைத்து, அதன்மேல் தன் விரலையும் வைத்து அழுத்தினார். கை எம்பியது. போட்டோகிராபர், "சார், அப்படியே... கைய எடுக்காதீங்க... பின்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் உள்ள வாங்க..." என்றார். அப்படியே நின்றார்கள். பின்வரிசை உள்ளே வந்தது. ஒருவர் சால்வையைச் சரிசெய்தார். துறைத் தலைவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலில் நாற்றம் வந்தது. விருந்தினர் மூக்கைச் சுளித்து, "ஏங்க, மோட்டாரு காயில் கருகுற மாதிரி இருக்குதே?" என்றார். விவசாயக் குடும்பம் போலிருக்கிறது, சரியாகச் சொன்னார். அடுத்த நொடி பலகையின் இடுக்கிலிருந்து புகை எழும்பி அவர் முகத்துக்கு நேராகப் போனது. அவர் துள்ளிப் பின்னால் வந்தார். பியூஸ் போய்விட்டது. மாணவர்கள் எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

"என்னங்க இது? யாரு செஞ்சது?" என்றார் விருந்தினர்.

துறைத் தலைவர் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். விரலை நீட்டினார்.

"நான் இல்லைங்க சார். எங்க டிபார்ட்மென்ட்டும் இல்ல. இதச் செஞ்சது இந்தப் பொண்ணுதான்."

ஒன்பது வருடம் நான் காத்திருந்த வாக்கியம், ஒரு சொல் குறையவில்லை. நாலு பேர் அல்ல, நானூறு பேர் முன்னால்.

"ஆமாங்க, நான்தான் செஞ்சேன்" என்றேன்.

விருந்தினர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு செஞ்சதா? அதானே பாத்தேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் திட்டத்தில் சேர்த்திருக்கவில்லை. அங்கே சிரிக்காமல் நின்ற மாணவிகளின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர்களுக்கும் சேர்த்து நான் வாங்கிக்கொடுத்த பேச்சு அது.

கூட்டம் அடுத்த மேசைக்கு நகர்ந்ததும் துறைத் தலைவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கும் கண்காட்சி இருக்கும்மா. பிரஸ் வருது. சரி பண்ணிட முடியுமா?"

"முடியும் சார். இப்ப விரலக் காட்டிச் சொன்னீங்கல்ல, அதையே மைக்குல ஒரு தடவ சொல்லிடுங்க."

அவர் மைக்கைப் பிடித்தார். நான் பையின் ஜிப்பைத் திறந்து காயிலில் கை வைத்தபடி நின்றேன். "ஒரு சிறிய தொழில்நுட்பக் கோளாறு. துறையின் தயாரிப்பான இந்த இயந்திரத்தை நமது முன்னாள் மாணவி ஒருவர் பழுது நீக்கித் தருவார்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எரிந்தால் என்னுடையது, ஓடினால் அவருடையது.

ஜிப்பை மூடினேன். அவர் ஓடிவந்து, "என்னம்மா, எங்க போற?" என்றார்.

"போர்டுல ஆறு பேரு இருக்காங்கல்ல சார். ஏழாவதா நீங்க இருக்கீங்க. செஞ்சவங்களே சரி பண்ணட்டும்."

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் யாரோ வலது பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்கள், அந்தக் கை இன்னும் வேலை செய்தது. குண்டு நத்தைக்குள் போய் ஒரு தடவை ஹாரன்கூட அடித்தது. அப்புறம் ஒவ்வொரு குண்டாக இடது பக்கம் வந்து, தட்டக் கையில்லாமல் குழியில் விழும் சத்தம் வாசல்வரை கேட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து அழுதேன். அவருக்காக இல்லை, அந்த இடது கைக்காக. அதைக் கொன்றது அவர் விரல் இல்லை என்பது அந்த பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் தெரியும்.