டீச்சர் வீட்டுக் கதவுக்குப் போட்ட பாலிஷ்

போன சனிக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கதவுக்கு முன்னால் வாயடைத்து நின்றேன். அப்படி ஒரு பளபளப்பு. முகம் பார்த்துத் தலை சீவலாம்.

பிரச்சினையே அதுதான்.

அங்கே ஒரு கட்டடக்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. என் மனைவியின் தம்பி சேகர்தான் பொறுப்பாளர். இரண்டு வருடமாக மூடி வைத்துப் புதுப்பித்து, அடுத்த மாதம் மறுபடி திறக்கப் போகிறார்கள். இதுவரை கோபுர மாதிரிகளும் தூண்களும்தான் இருந்தன. இப்போது சாதாரண ஜனங்கள் குடியிருந்த வீடுகளுக்கும் ஒரு ஹால். அதற்குச் சாமான் தேடி சேகர் அலைந்தபோது, உதவுகிறேன் பேர்வழி என்று நான் மூக்கை நுழைத்தேன். சும்மா இருக்க முடியுமா நம்மால்?

மஞ்சக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு பிலோமினா டீச்சர் பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு வாசல் கதவை மியூசியத்துக்குக் கொடுங்கள் என்று நச்சரித்து வாங்கினேன். பலா மரக் கதவு. ஆனால் விசேஷம் மரத்தில் இல்லை. கெடிலம் ஆறு பெருகி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோதெல்லாம், டீச்சரின் கணவர் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் வருஷத்தையும் எழுதி வைத்திருந்தார். மொத்தம் நான்கு கோடுகள். அவர் இப்போது இல்லை. ‘வெள்ளத்தை அளந்த கதவு’ என்று லேபிள்கூட நான்தான் எழுதிக் கொடுத்தேன். கதவைப் போய்ப் பார்த்தா எழுதினேன்? அதெல்லாம் கேட்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்தார்.

“தம்பி, அந்தக் கதவ ஒரு தடவ அளக்கணும். திங்கக்கெழம பேஸ்மட்டம் போடறாங்க. பழைய தரையவிட ஒரு அடி ஏத்துனா போதும்னு எஞ்சினியர் சொல்றாரு. பையனும் தலையாட்டறான். பத்தாதுன்னா, பயத்துல பேசறேங்கறான். சரி, எத்தினி அடி வேணும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. அன்னிக்குக் கட்டில் மேல ஏறி நின்னவளுக்கு அடிக்கணக்கு எங்க தெரியும்...”

ஒரு வீட்டின் உயரமே அந்தக் கோட்டை நம்பித்தான் இருந்தது. மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறினோம். டீச்சரின் கைப்பையில் அளவு டேப்.

சேகர் பெருமையாகக் கதவைக் காட்டினான். பார்த்தால்... ஒரு கோட்டையும் காணோம்.

“என்ன மச்சான் இது?”

“தொறப்பு விழா வருதில்ல மாமா. அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்? சேத்தியாத்தோப்புல இருந்து ஏழுமலைய வரவெச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு பாலிஷ் அடிக்கச் சொன்னேன்.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் எதையாவது பூசாமல் எதைத் திறந்திருக்கிறோம்? பெரிய மனிதர் வருகிறார் என்றால் ரோட்டோரப் புளியமரத்துக்கே சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் நாம்.

“போட்டோவாவது இருக்கா?”

இருந்தது. கதவை வாங்கிய அன்று எடுத்தது. கதவுக்கு முன்னால் நானும் சேகரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். கதவின் கீழ்ப்பாதி முழுக்க என் வேட்டியும் அவன் பேன்ட்டும்தான்.

டீச்சர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவமானமாக இருந்தது. கொடுங்கள், கொடுங்கள் என்று உயிரை எடுத்தவன் நான்தானே.

பாலிஷ்காரர் ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

“கோடா? நா ஒண்ணும் பாக்கலியே சார். பாத்திருந்தா கேக்காம தேய்ப்பனா?”

டீச்சர் கிட்டே போய்க் கதவைத் தடவினார். “தம்பி, இது வெளிப்பக்கம். பூட்டு மாட்டற நாதாங்கி இங்க இருக்கு பாருங்க. அவுரு கோடு போட்டது உள்பக்கம்.”

எனக்குப் போன உயிர் வந்தது. சேகர் வாயைத் திறந்ததும் மறுபடி போனது.

“ரெண்டு பக்கமும் அடிக்கச் சொன்னனே மாமா. நேத்துகூட கேட்டேன். ரெண்டு பக்கமும் முடிச்சாச்சுன்னாரு.”

எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார்.

“செவுத்தப் பாத்து நிக்கப்போற பக்கம்தானே சார்... யாரு பாக்கப்போறாங்கன்னு வுட்டுட்டேன்.”

செய்யாத வேலையைச் செய்ததாகச் சொன்ன ஒருவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது, வாழ்க்கையில் அன்றைக்குத்தான்!

நாலு பேர் சேர்ந்து கதவைத் திருப்பினோம். சேற்றுக் கறை, ஒட்டடை, அதற்கு நடுவில் நான்கு கோடுகளும் அப்படியே இருந்தன. மேல் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தை டீச்சர் விரலால் தொட்டார். கண் கலங்கிவிட்டது.

“ஆணியில எழுதுனாக்கூட கையெழுத்து எப்டி முத்து முத்தா இருக்கு பாருங்க” என்றார்.

அவ்வளவுதான். அடுத்த நிமிடம் டேப்பின் ஒரு முனையை ஏழுமலையிடம் நீட்டினார். “கீழ நல்லா அழுத்திப் புடிங்க.”

இரண்டே முக்கால் அடி.

அங்கிருந்தே மகனுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசினார். “எஞ்சினியர்கிட்ட மூணு அடின்னு சொல்லு. பயத்துல பேசல. ஒங்கப்பா எழுதி வெச்சத அளந்துட்டுப் பேசறேன்.”

அந்தப் பக்கமிருந்து மகன் குரல்: “சரிம்மா... மூணே போட்டுக்கலாம்.”

கதவு இப்போது உள்பக்கம் தெரியும்படி நிற்கிறது. ஏழுமலையின் பத்து நாள் பாலிஷ், பளபளவென்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. லேபிளை நானும் மறுபடி எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை கதவைப் பார்த்துத்தான்.

பழைய வீடு எப்படி இருந்தது என்று ஜனங்கள் வந்து பார்க்கட்டும் என்றுதான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். முதலில் வந்தவரோ, திறப்பு விழாவுக்கு முன்பே, புது வீட்டுக்கு அளவெடுத்துக்கொண்டு போய்விட்டார்.