கையெழுத்துப் போட்ட வெறுந்தாள்

நான் அரசியலில் இருந்தது மொத்தம் ஒரு வாரம். அப்போது எனக்குப் பத்து வயது.

டிசம்பர் விடுமுறைக்கு என்னை இரத்தோட்டையில் மாமா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மாவின் அண்ணனான அவர் மாகாண சபை உறுப்பினர். எங்கள் பக்கத்துப் பேச்சில் மந்திரி. டிசம்பர் சபைக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். வரவு செலவுத் திட்டம், வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட நியதிச் சட்டங்கள், பிரேரணைகள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து குவியும். விடிவதற்கு முன்பே மாமா கண்டிப் பக்கம் சபைக்குக் கிளம்பிவிடுவார். பொழுது சாயும்போது நனைந்த கோப்புகளோடு திரும்புவார். சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் மறுநாள் சபை அலுவல்களைப் பட்டியலிட்ட ஒழுங்குப் பத்திரம் இருக்கும். எந்தப் பக்கம் வரை படித்திருக்கிறார் என்பதைக் குழம்புக் கறையை வைத்தே நான் சொல்லிவிடுவேன்.

சபை நடக்கிறது என்பதற்காக வீட்டுக்கு வருகிற சனம் குறைந்துவிடுமா என்ன? பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க, ஆஸ்பத்திரியில் காட்ட, கரண்ட் எடுக்க என்று ஆளாளுக்கு மந்திரியின் கடிதம் கேட்டு முற்றத்தில் நிற்பார்கள். அதற்கு மாமாவும் அத்தையும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமா தன் பெயர் அச்சடித்த தாள்களில் எதுவும் எழுதாமல் அடியில் கையெழுத்தை மட்டும் வரிசையாகப் போட்டுவைப்பார். வாரநாட்களில் அத்தை ஆளைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, தன் முத்து முத்தான எழுத்தில் மேலே எழுதிக் கொடுப்பாள். அந்த வாரம் சீல் குத்தும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. ஊதா மை விரலை விட்டுப் போகக்கூடாது என்று நான் கை கழுவாமலே சாப்பிட்டேன்.

வந்தவர்களில் லெச்சுமி அக்காவை மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்திலிருந்து வருவாள்; ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகள். லயத்துக்கு மேலே மலை வெடித்திருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டு, மழைக்கு இங்கே இருக்காதீர்கள் என்று சொல்லிப் போயிருந்தார்கள். வேறு எங்கே இருப்பது என்று சொல்லவில்லை. தோட்டத்தின் அடிவாரத்தில் தரிசாகக் கிடந்த நிலத்தைப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் ஒதுக்கும்படி கேட்டு மாமா ஒரு பிரேரணை கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை, அந்த வருடத்தின் கடைசி அமர்வில், அது எடுக்கப்பட இருந்தது. அன்று தவறினால் இனி மழையெல்லாம் முடிந்த பிறகுதான்.

"போன மாசம் அந்த வெடிப்புக்குள்ள என் கை மட்டுந்தான் போச்சு பாப்பா. இப்ப எங்க வீட்டுக் கோழி உள்ள போயிட்டு வருது" என்றாள் லெச்சுமி அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து மழை ஓட்டில் விழும் சத்தம் கேட்டாலே எனக்கு அந்தக் கோழிதான் ஞாபகம் வரும்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு நீல வேன் வாசலில் வந்து நின்றது. அத்தை பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"பாப்பாதான் இப்ப ஆபீஸ் பாக்குறீங்களா?"

"ஆமா."

"மந்திரிதான் அனுப்புனாரு. சபையில அவசரமா ஒரு கடிதம் குடுக்கணுமாம். கையெழுத்துப் போட்ட தாளு ஒன்னு வாங்கிட்டு வரச் சொன்னாரு. மேசையில மேல் லாச்சியில இருக்குமாம்."

மேல் லாச்சியில்தான் இருந்தது. இதற்குப் போய் அத்தையை எதற்குக் கூப்பிடுவது? நான் லாச்சியை இழுத்து ஒரு தாளை உருவினேன். சீல் இல்லாமல் கடிதம் செல்லாது என்பது எனக்குத் தெரியுமே! சாயாமல் நேராகக் குத்தி, மை காய ஊதி, உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் என் தலையைத் தடவி, "நல்ல கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுப் போனார். வேன் திரும்பும் வரை நான் கையாட்டிக்கொண்டு நின்றேன்.

அத்தையிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் கையிலிருந்த துணி அப்படியே தரையில் விழுந்தது.

"வெறுந்தாளாவா குடுத்த? ஒன்னுமே எழுதாமயா?"

"அவசரமாம் அத்தை."

"அடிப் பாவி! அதுல இனி அவனுங்க என்ன வேணும்னாலும் எழுதலாம். எழுதுறது எல்லாம் உங்க மாமா சொன்ன மாதிரி ஆயிரும், தெரியுமா?"

அதற்குப் பிறகுதான் நான் செய்தது என்னவென்று எனக்குத் தெரிந்தது. மாமாவின் போனுக்கு அத்தை விடாமல் அடித்தாள். சபை நடக்கும்போது அணைத்துவைப்பார்கள். நான் நெல் மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். எங்கேயோ ஒரு மேசையில், நான் சீல் குத்திய தாளில், யாரோ எழுதத் தொடங்குவது எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மாமா ஒருவரைக் கொன்றதாக எழுதுகிறார்கள். மாமா பதவியே வேண்டாம் என்று எழுதுகிறார்கள். இந்த வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுகிறார்கள். தாள் பெரியது, எழுத இன்னும் எவ்வளவோ இடம் இருந்தது.

மாமா வந்ததும் அத்தை எல்லாவற்றையும் கொட்டினாள். நான் மூட்டைக்குப் பின்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது மாமா என் முன்னால் குந்தியிருந்தார்.

"வந்த ஆளு என்னம்மா சொன்னான்?"

"நீங்கதான் அனுப்புனீங்கன்னு சொன்னாரு மாமா. மேல் லாச்சின்னு அவரேதான் சொன்னாரு."

மாமா எழுந்துகொண்டார். "அப்படித்தான் சொல்லுவானுங்க. திருட்டுப் பயலுக. இத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத, என்ன? போய்ச் சாப்பிடு."

"போலீசுக்குப் போங்க" என்றாள் அத்தை.

"போய் என்னன்னு சொல்றது? வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டு லாச்சியில வச்சிருந்தேன்னா? நல்லா சிரிப்பானுங்க."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தார். என் மேல் உள்ள கோபத்தை அடக்குகிறார் என்று நினைத்தேன். அதுதான் அடியைவிடப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே நல்ல மழை. லெச்சுமி அக்காவும் லயத்து ஆட்கள் நாலு பேரும் மத்தியானமே வந்து, மழைக்குத் தலையில் போட்ட சாக்குக் கொங்காணியைக்கூட எடுக்காமல் விறாந்தையில் காத்திருந்தார்கள். மாமா வந்து இறங்கினார். அவர்களைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"பிரேரணைய மீளப் பெறுறதா என் பேருல ஒரு கடிதம் போயிருச்சு. பாதையில மரம் விழுந்து நான் போய்ச் சேர நேரமாயிருச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு."

"எப்படிங்கய்யா உங்க பேருல போகும்?"

மாமா என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"புள்ள தெரியாம ஒரு வெறுந்தாளக் குடுத்துருச்சு" என்றார்.

ஓட வேண்டும் என்று தோன்றியது, முடியவில்லை. லெச்சுமி அக்கா எழுந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நான் முகத்தை மூடினேன். அவள் ஈரக் கையால் என் கையை விலக்கினாள்.

"வந்தவன் என்ன கண்ணு சொன்னான்? யாருன்னு ஏதாவது..."

"விடு லெச்சுமி" என்று மாமா நடுவில் வந்தார். "நேத்துலருந்து புள்ள பயந்துபோய்க் கெடக்குது. அதப் போட்டுக் கேள்வி கேக்காதீங்க."

"ஆமாங்கய்யா, பச்சப் புள்ளதானே. திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கொங்காணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஐந்து பேரும் மழையில் இறங்கி மலைக்குப் போகும் பாதையில் நடந்தார்கள். நான் மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். என்னைக் காப்பாற்றிவிட்டாரே என்று உலகத்திலேயே அவர் மேல்தான் எனக்கு அன்று பாசம்.

ஜனவரியில் மலை இறங்கியது. எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரம் என்பதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசி நாலு வீடுகள் மண்ணுக்குள் போயின. மற்ற வீடுகளுக்கும் யாரும் திரும்பவில்லை. லெச்சுமி அக்கா குடும்பத்தோடு தகரக் கொட்டிலுக்குப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அந்தத் தகரத்தில் விழும் மழையை நான்தான் பெய்யவைக்கிறேன் என்கிற நினைப்போடுதான் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதினேன், உயர்தரம் எழுதினேன், பல்கலைக்கழகத்துக்கும் போனேன்.

போன வருடம் ஒரு கட்டுரைக்காகப் பழைய சபை அறிக்கைகளை வாசிக்க வேண்டி வந்தது. அந்த வெள்ளிக்கிழமையையும் தேடி எடுத்தேன். எடுக்காமல் இருக்க முடியுமா? என் பெயர் அதில் இருந்துவிடுமோ என்று இந்த வயதிலும் பயந்துகொண்டேதான் பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கத்தில் இரண்டே பேர்தான் பேசியிருந்தார்கள்.

தவிசாளர்: பிரேரணையை மீளப் பெறுவதாகக் கடிதம் கிடைத்துள்ளது. கௌரவ உறுப்பினர் சபையில் இருப்பதால் அவரிடமே கேட்கிறேன். இது உங்களுடைய கடிதந்தானா?

உறுப்பினர்: ஆம், கௌரவ தவிசாளர் அவர்களே. நான் கொடுத்ததுதான்.

அதைப் பலமுறை வாசித்தேன். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தத் தாள் வெறும் தாளாகப் போயிருக்கும். பாதையில் எந்த மரமும் விழவில்லை. மாமா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மேல் லாச்சி என்று வந்தவனுக்குச் சொல்லி அனுப்பியதும் அவராகத்தான் இருக்க வேண்டும். அவரை யார் மிரட்டினார்கள், எதைச் சொல்லி மிரட்டினார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தன் கையால் எழுதிக் கொடுக்க முடியாத ஒன்றை வேறு கையால் எழுதவைக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டிருக்கிறது.

அந்த விறாந்தையில் பயந்துபோய் நின்றது நான் ஒருத்திதான் என்று அப்போது நினைத்திருந்தேன். லெச்சுமி அக்கா என் கையை விலக்கி, வந்தவன் என்ன சொன்னான் என்று கேட்ட அந்த நொடியில், மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.