ஆட்டோ டாப் தைப்பவனிடம் வந்த படகு

தார்ப்பாயும் ஆட்டோ டாப்பும் தைத்துப் பிழைப்பவர்களை வெயில் காலத்தில் யாருக்கும் தெரியாது. முதல் தூறல் விழுந்ததும் ஊரே எங்களுக்கு மாமன் மச்சான். துணியில் கத்தரி வைத்த பிறகு, "கொஞ்சம் பெரிசா வச்சிருக்கலாமோ?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் நீங்களும் மாட்டியிருப்பீர்கள், தையல்காரத் தோழர்களே. எனக்கு மாட்டியது ஒருவர் அல்ல, இரண்டு பேர். அதுவும் புருஷன் பெண்டாட்டி.

டபாய்க்கிற துணி

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. என்னோடு இருப்பது வேலு. தினம் கருங்குழியிலிருந்து பைக்கில் வந்து மிஷினில் உட்காருவான். எட்டு வருஷமாக எனக்குக் கை அவன், வாயும் அவன்தான்.

சாமுவேல் சார் ஒரு காலையில் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்க முடியாமல் சின்னதாக ஒரு பாய்மரப் படகு வாங்கி கடப்பாக்கத்து உப்பங்கழியில் கட்டி வைத்திருந்தார். போனில் வெள்ளைக்காரன் படகு ஒன்று. உட்காரும் பள்ளத்துக்கு முன்னால் வளைந்த பைப், அதன்மேல் குழந்தை வண்டிக்குப் போடுவதுபோல ஒரு கேன்வாஸ் கூரை. "இதுக்குப் பேர் டாட்ஜர். முன்னாலேர்ந்து அடிக்கிற அலைத்தண்ணி உள்ள உக்காந்தவங்க மூஞ்சில படாது. என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆயிருக்கு, உப்புத்தண்ணி பட்டா எரியுதுங்கறா. ஆனா இது வேணுமா வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல," என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. வேலு மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "டாட்ஜருன்னா டபாய்க்கிறது. தண்ணிய டபாய்க்கணும், அவ்ளோதானே சார்? ஆட்டோல மழைய டபாய்க்கிறோம், இது இன்னா பெரிய மேட்டரு!"

அளவு

ஆட்டோவை அளவெடுக்கும்போது ஆட்டோ நிற்கும். இந்த ஒரு வசதியின் அருமை எனக்குக் கடப்பாக்கத்தில்தான் தெரிந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து படகில் ஏறி டேப்பை விரித்தேன். அகலம் அறுபத்தியெட்டு அங்குலம். மறுபடி பிடித்தேன், எழுபது. மூன்றாம் தடவை டேப்பின் ஒரு முனை என் கையில் இருந்தது, மறு முனை தண்ணீரில் இருந்தது.

படகைப் பார்த்துக்கொள்ளும் காசி அண்ணன் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து கடலில் இருப்பவர். "படகு ரொம்ப ஆடுதுண்ணே, கொஞ்சம் இறுக்கிக் கட்டக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "படகு சும்மாதான் கீது பாய். நீதான் ஆடிகினு கீற."

இரண்டு போன்

துணி வாங்கி வந்த அன்று சார் போன் செய்தார். "ஜாகிர் பாய், வேணாம்னு தோணுது. முன்னாடி கூரை வந்தா எனக்கு எதிர்ல என்ன வருதுன்னு தெரியாது. அங்க வழி முழுக்க வலைதான். காத்தும் அந்தத் துணியைப் பிடிச்சுத் தள்ளும். படகோட அழகே போயிடும்." சரி என்று துணியைச் சுருட்டி மேலே வைத்தேன்.

அரை மணி நேரத்தில் அடுத்த போன். அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். "மகாபலிபுரத்துக் கோயிலைப் பத்தி முப்பது வருஷம் கரும்பலகையில எழுதியிருக்கேன் பாய். கப்பல்ல வந்தவங்க கடல்லேர்ந்து பார்த்த மாதிரி ஒரு தடவை நானும் பார்க்கணும். அதுக்கு நாள் பூரா படகுல உக்காரணும். தண்ணி அடிச்சா என்னால முடியாது." துணியை மறுபடி இறக்கினேன். மறுநாள் சார், 'வேணாம்.' அதற்கடுத்த நாள் டீச்சர், 'தைங்க.' இப்படி இரண்டு வாரம் அந்தத் துணி ஏறி இறங்கியது. மேஜையில் வெட்டாமல் கிடக்கும் கேன்வாஸ் ஒரு தையல்காரனை என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் டீச்சரிடமே கேட்டுவிட்டேன்: "சார் வேணாங்கறாரே டீச்சர்?" அவர் நிதானமாகச் சொன்னார்: "இவர் வேணாம்னா யோசிக்கிறார்னு அர்த்தம். என்னைக் கல்யாணம் பண்ணிக்கறதுக்கு முன்னாடியும் மூணு தடவை வேணாம்னுதான் சொன்னார்."

அட்டைக் கூரை

வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. அதனால் ஒரு யோசனை சொன்னேன்: முதலில் அட்டையில் செய்து கட்டிப் பார்ப்போம். ஃபிரிட்ஜ் வந்த பெட்டி ஒன்றை வாங்கி, வேலு அதை வளைத்து வெட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் படகில் கட்டி, சுக்கானைச் சாரிடம் கொடுத்து, உப்பங்கழிக்குள்ளேயே ஒரு சுற்று விட்டோம். உட்கார்ந்தால் அவருக்கு அட்டை மட்டும்தான் தெரிந்தது. ஃபிரிட்ஜ் கம்பெனி பெயரைப் படித்துக்கொண்டே படகு ஓட்டினார். எழுந்து நின்றால் பாய்த்துணியின் அடியில் குறுக்கே நீளும் கட்டை தலையில் இடித்தது.

"இடது பக்கம், இடது பக்கம்!" என்று காசி அண்ணன் கரையிலிருந்து கத்துவதற்குள் ஒருவருடைய வலைக்கயிறு சுக்கானில் நன்றாகச் சுற்றிக்கொண்டது. வலைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். கத்தியைத் தேடிய சாரை ஒரு முறை முறைத்துவிட்டு, கயிற்றை அறுக்காமல் பொறுமையாகக் கையாலேயே விடுவித்தார். பிறகு அட்டையைச் சுற்றிப் பார்த்தார். "இன்னா சார் இது? கூரை போட்டுகினு குந்தணும்னா வூட்லயே குந்திக்க வேண்டியதுதானே?"

கூரை இல்லாமல்

சாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா ஸ்டெல்லா? நான் சொன்னேன்ல?" அடுத்த ஞாயிறு கூரை எதுவும் இல்லாமல் கடலுக்கே போனோம். தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு வருகிறது என்று பார்க்க நானும் போனேன். நான் இருந்த நிலையை எழுதினால் இந்தப் பக்கம் நாறும், அதனால் விட்டுவிடுகிறேன்.

முகத்துவாரம் தாண்டியதும் மூன்றாவது அலை நேராக டீச்சர் முகத்தில் விழுந்தது. கத்தவில்லை. குறை சொல்லவும் இல்லை. முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். சார் அந்த நிமிஷமே படகைத் திருப்பினார். கரையில் இறங்கி நல்ல தண்ணீரில் கண்ணைக் கழுவிய பிறகு, "நீங்க போய்ட்டு வாங்க. நான் இனிமே கரையில இருந்துக்கறேன்," என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

டீக்கடைக்கு நடந்தோம். சார் கிளாஸைக் கையில் வைத்தபடியே இருந்தார். டீ ஆடை கட்டிவிட்டது. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "முன்னாடி பார்வை மறைக்கும்னு சொன்னேன் பாய். அவ வரலைன்னா அந்தப் பக்கம் நான் எதைப் பாக்கறது?"

கத்தரி

மறுநாள் நானும் வேலுவும் உட்கார்ந்து யோசித்தோம். அட்டைக் கூரை டீச்சர் நிமிர்ந்து உட்காரும் உயரத்துக்கு இருந்தது. அதில் ஒரு சாண் குறைத்தோம். சாருக்குக் கீழே ஒரு மரப்பெட்டி போட்டால் கூரைக்கு மேலே பார்க்கலாம், தலையும் இடிக்காது. டீச்சர் உட்காரும் பலகையைத் தச்சனை வைத்து இறக்கினோம். முன்பக்கம் ஜீப்புக்குப் போடும், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் ஷீட். வேண்டாதபோது பைப்போடு பின்னால் மடக்கிக்கொள்ளலாம். மறுபடி அட்டையில் வெட்டி, கட்டிப் பார்த்து, வலை மிதவைக்குப் பதிலாகத் தெர்மாகோல் துண்டுகளை மிதக்கவிடக் காசி அண்ணனிடம் சொன்னோம். சார் பெட்டிமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினார். ஒன்றுகூட விடவில்லை.

கடைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். நான் கத்தரியைத் துணியில் வைத்து, "வெட்டலாமா சார்?" என்றேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், மனைவியைப் பார்த்தார். டீச்சர் வாட்சைப் பார்த்தார். வேலு தாங்க முடியாமல் சொன்னான்: "பாய், வெட்டிடு. சார் கண்ண மூடிக்கட்டும்."

மகாபலிபுரம்

தெற்குக் காற்று நன்றாக இருந்த ஒரு நாள் விடியும்போது அவர்கள் காசி அண்ணனோடு கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கடையில் வேலை இருக்கிறது என்று சொன்னேன். வேலை எதுவும் இல்லை. ஆனால் அன்று பூராவும் என்னால் ஒரு சீட் கவர்கூட ஒழுங்காகத் தைக்க முடியவில்லை. தையல் பிரியுமா, பைப் வளையுமா, ஷீட்டில் உப்புப் படிந்து சார் எதையாவது இடித்துவிடுவாரா என்றே ஓடிக்கொண்டிருந்தது. வேலு இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தான்.

சாயங்காலம் போன் அடித்தது. டீச்சர்தான். காற்றிரைச்சலில் பாதிதான் கேட்டது. "பாய்! கோயில் எதிர்லயே இருக்கோம்! வழி முழுக்க ஒரு சொட்டு என்மேல படல!" "கூரை நல்லா நிக்குதா டீச்சர்?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. "அதை இங்க வந்ததுமே மடிச்சு வச்சாச்சு. படகு நிக்குது, தண்ணி அடிக்கல. இவர்கூட மடிக்க வேணாம், வேணாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்னார். இந்தக் கோயிலைப் போய்த் துணிக்குள்ள உக்காந்துக்கிட்டா பாக்கறது?"

ஏழு வாரம் யோசித்து, இரண்டு நாளில் தைத்து, ஒரே நிமிஷத்தில் மடித்து வைக்கப்படும் பொருளுக்குத்தான் எங்கள் கடையில் இப்போது டாட்ஜர் என்று பெயர்.